துறைமுகத்து மருந்து

நான் சிறுவனாயிருந்த காலத்தில் எங்கள் வீட்டில் சாராயத்துக்குச் சாராயம் என்ற பெயர் இருந்ததில்லை. 'மருந்து' என்பதே அதன் பெயர். அப்பப்பா மாலையில் முகம் கழுவி, திருநீறு பூசுவதற்கு முன்பாக, சுவர் அலுமாரியின் மேற்தட்டிலிருந்து போத்தலை எடுத்து ஒரு சிறு கிண்ணம் ஊற்றிக் குடிப்பார். இரண்டாவது கிண்ணம் கிடையாது. திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் தச்சராக வேலை செய்தவர் அவர். 1957 ஒக்டோபரில் பிரித்தானியர் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போன பின்னரும், 'வெள்ளைக்காரன் கப்பலிலே மருந்து மாதிரித்தான் குடுப்பான், அளந்து குடுப்பான்' என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். தமது 86ஆவது வயதில், உறக்கத்தில் காலமானார்.

அவருக்கு முந்தைய ஆண்டே அவருடைய மூத்த மகன், என் பெரியப்பா, மாரடைப்பினால் காலமாகிவிட்டார். வயது 55. துறைமுகத்தில் இழுவைப் படகுகளின் இயந்திரங்களோடு வாழ்ந்த மனிதர். மகனின் சாவீட்டில் அப்பப்பா திண்ணையில் அமர்ந்து, 'நான் குடிச்ச அளவுதானே அவனும் குடிச்சவன்' என்று எவரையும் நோக்காமல் கேட்டது இன்றும் காதில் நிற்கிறது.

கடந்த தைமாதம் பெரியப்பாவின் மகனுக்கு, எனக்கு மூன்று வயது இளையவனுக்கு, இதயக் குருதிக்குழாயில் அடைப்பு நீக்கிக் கம்பிவலை பொருத்தினார்கள். பார்க்கப் போயிருந்தேன். உட்துறைமுகத்தை நோக்கிய திண்ணையில் இருந்து தேநீர் குடிக்கும்போது அவன் கேட்டான்.

"அண்ணா, நீங்கள்தானே அந்தக் காலத்தில பேப்பரில எழுதினீங்கள், அளவாக் குடிச்சா நெஞ்சுக்கு நல்லதெண்டு? அப்பா அதை வெட்டி வைச்சிருந்தவர், தெரியுமோ?"

எனக்குத் தெரியாது. 1995இல், கொழும்பில் நான் பணியாற்றிய வார இதழ் ஒன்றின் உடல்நலப் பக்கத்துக்காக, வெளிநாட்டுச் செய்தியொன்றைத் தழுவி அரைப்பக்கக் கட்டுரை ஒன்று எழுதியது உண்மை. நாளுக்கு ஒரு கிண்ணம் இதயத்துக்கு நண்பன் என்ற பொருள்பட நானே தலைப்பும் இட்டேன். ஆசிரியர் பாராட்டினார். மறுவாரம் நான் அதை மறந்துபோனேன். போர்க்காலத்தில் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்துசேரும் பத்திரிகையை வரிவிடாமல் படித்த பெரியப்பா அதை மறக்கவில்லை. மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருந்தாராம்.

ஆகவே இந்தப் பதிவு தம்பியின் கேள்விக்கான விடை. முப்பது ஆண்டுகள் பிந்திய விடை.

கதையைத் துறைமுகத்திலிருந்தே தொடங்கவேண்டும். நீண்ட கடற்பயணத்தில் பீப்பாய்த் தண்ணீர் பாசிபிடித்து நாறும், பியரும் புளித்துப்போகும். கெடாதது வடித்த மது மட்டுமே. 1655இல் ஜமேக்காவைக் கைப்பற்றிய பின்னர் ஆங்கிலக் கடற்படையினருக்கு றம் அறிமுகமாயிற்று. 1731ஆம் ஆண்டின் கடற்படை விதிமுறைகள் ஒரு கலன் பியருக்கு ஈடாக அரைப் பைந்து பிராந்தி, றம் அல்லது சாராயம் வழங்கலாம் என்றன. சாராயம் என்ற கீழைத்தேயச் சரக்கு அந்த விதியில் பெயர்சொல்லி இடம்பெற்றிருப்பதைக் கவனியுங்கள். அரைப் பைந்து என்றால் ஏறத்தாழ 284 மில்லிலீற்றர். ஒரு மனிதனுக்கு, ஒரு நாளைக்கு! பாய்மரத்தில் ஏறுகிறவன் இதைக் குடித்துவிட்டு ஏறினால் என்னவாகும் என்று கண்ட அட்மிரல் எட்வேட் வேர்னன், 1740 ஓகஸ்டில், றம்மில் தண்ணீர் கலந்து இரண்டு வேளையாகக் கொடுக்க உத்தரவிட்டார். அந்தக் கலவைக்குத்தான் 'குறொக்' என்று பெயர் வந்தது. 1824இல் அளவு பாதியாயிற்று. 1850ஐ ஒட்டி மீண்டும் பாதியாகி, அரைக்கால் பைந்து, அதாவது சுமார் 71 மில்லிலீற்றர் ஆயிற்று. எங்கள் அப்பப்பா கண்ட 'அளந்து குடுப்பான்' இதுவே. 1970 யூலை 31ஆம் நாள் அதுவும் நின்றது. நுட்பமான இயந்திரங்களைக் கையாளும் மாலுமிக்கு நண்பகல் மது ஆகாது என்பதே சொல்லப்பட்ட காரணம். இதயத்தைப் பற்றி அன்று எவரும் பேசவில்லை.

பிரித்தானியர் 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றியபோது, இத்தீவில் சாராயக் குத்தகை முறையும் கூடவே கைக்கு வந்தது. தென்னங்கள்ளை வடித்தெடுத்த சாராயம் அரசுக்கு வருமானம், படைக்குப் பங்கு, மருத்துவருக்கு மருந்து என முத்தொழில் புரிந்தது. தவறணையை ஏலத்தில் எடுத்தவன் பணம் கட்ட, அரசு கண்ணை மூடிக்கொண்டது. 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டமும் அதை எதிர்த்தெழுந்த மதுவிலக்கு இயக்கமும் தனியே எழுதவேண்டிய பெருங்கதை. இங்கே விட்டுவிடுகிறேன்.

விடக்கூடாதவர் ஒருவர் உண்டு. ஹென்றி மார்ஷல் என்ற ஸ்கொட்லாந்துப் படை மருத்துவர். 1808 முதல் 1821 வரை இலங்கையில் பணியாற்றினார். தீவின் உட்பகுதி நோய்கள் குறித்து 1821இல் நூல் வெளியிட்டார். பின்னர் 1830களில், அலெக்சாண்டர் டலொக் என்ற அதிகாரியுடன் சேர்ந்து, பிரித்தானியப் படையில் யார், எங்கே, எதனால் இறக்கிறார்கள் என்று எண்ணிக் கணக்கிடும் பணியை மேற்கொண்டார். படைவீரனுக்கு நாள்தோறும் மது வழங்குவது அவனைக் காப்பதற்குப் பதிலாகக் கெடுக்கிறது என்ற கருத்தினர் அவர். மதுவை நல்லதென்றும் கெட்டதென்றும் எல்லாரும் வாயால் பேசிக்கொண்டிருந்த காலத்தில், எண்ணிப் பார்க்கவேண்டும் என்று நினைத்தவர் என்பதால் எனக்கு அவர்மீது தனி மதிப்பு. பத்திரிகைக்காரனுக்கு இல்லாத குணம் அது.

ஆயினும் மார்ஷலின் கணக்கில் மாரடைப்பு பெரிதாக வராது. வர நியாயமும் இல்லை. அக்காலத்துத் துறைமுகங்களில் மனிதனைக் கொன்றவை காய்ச்சலும் வயிற்றுளைவும் வாந்திபேதியும். நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் இளைய சகோதரர் ரியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்ரின் 1852இல் பர்மாவில் வாந்திபேதிக்குப் பலியாகி, திருகோணமலையிலே அடக்கஞ் செய்யப்பட்டார். குருதிக்குழாய் அடைபட்டு இறப்பதற்கு முதலில் மனிதன் ஓரளவு வயதுவரை உயிரோடிருக்க வேண்டும். அந்த வாய்ப்பு பெரும்பாலோருக்குக் கிடைக்கவில்லை.

இதயத்துக்கும் கிண்ணத்துக்கும் முதலில் முடிச்சுப் போட்டவர்களுள் ஒருவர் இலண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபெர்டென். நடக்கும்போது நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும் நோயை 1768இல் விரிவுரையாகவும் 1772இல் அச்சிலும் விவரித்தார். அந்த நோயாளிக்கு ஓய்வும் வெதுவெதுப்பும் மதுவும் ஆறுதல் தரும் என்று எழுதினார். வலி தெரியாமல் போவது வேறு, நோய் குறைவது வேறு. அந்த வேறுபாடு தெளிய இருநூறு ஆண்டுகள் பிடித்தன.

இருபதாம் நூற்றாண்டில் கணக்கு வேறு விதமாக மயக்கிற்று. 1926இல் அமெரிக்கர் றேமண்ட் பேர்ள், அளவாகக் குடிப்பவர்கள் அறவே குடியாதவர்களைவிட நீண்டகாலம் வாழ்வதாகக் காட்டினார். 1979இல் பதினெட்டு நாடுகளை ஒப்பிட்ட ஆய்வொன்று, வைன் அதிகம் குடிக்கும் நாடுகளில் இதயநோய்ச் சாவு குறைவு என்றது. 1991இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பிரெஞ்சுக்காரரின் புதிர் பேசப்பட்டது: வெண்ணெயும் பாற்கட்டியும் தின்கிறார்கள், இதயம் நின்றுபோவதில்லை, காரணம் சிவப்பு வைன். மறுநாளே கடைகளில் போத்தல்கள் பறந்தன. 1992இல் றெனோட் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் அதை மருத்துவ ஏட்டிலும் எழுதினார். மூன்று ஆண்டுகள் கழித்து அது என் மேசைக்கு வந்தது. நான் தமிழாக்கினேன்.

இதில் நான் படிக்காமல் விட்டது ஒன்றுண்டு. 1988இலேயே, பிரித்தானிய நகரங்கள் 24இல் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட நடுவயது ஆண்களைப் பின்தொடர்ந்த ஆய்வின் தலைவர் ஷேப்பர், எளிய கேள்வியொன்றை எழுப்பியிருந்தார். 'குடியாதவர்' என்ற வரிசையில் நிற்பவர்கள் யார்? பிறவியிலிருந்து தொடாதவர்கள் மட்டுமா? நோய் வந்து, மருத்துவர் கண்டித்து, நேற்று விட்டவர்களும் அதே வரிசையில் நின்றால், அந்த வரிசை நோயாளி வரிசையாகிவிடாதா? அவர்களுக்கு அருகில், அளவாகக் குடிக்கும் ஆரோக்கியமானவன் எப்போதும் மேலானவனாகவே தெரிவான். எங்கள் ஊரில் இதை விளக்க ஆய்வே தேவையில்லை. ஒழுங்கையில் 'நான் இப்ப தொடுறதில்லை' என்கிற ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் ஆஸ்பத்திரிக் கொப்பி இருக்கும்.

இந்தச் சிக்கலை அவிழ்க்கத்தான் மரபணு உள்ளே வந்தது. வந்த விதம் சுவையானது. முதலில் அது கிண்ணத்தின் சாட்சியாக வந்தது.

நாம் குடிக்கும் மதுசாரத்தை ஈரலில் உள்ள நொதியம் ஒன்று அசெற்றல்டிகைட் என்ற நச்சுப் பொருளாக மாற்றுகிறது. இரண்டாவது நொதியம் அந்த நச்சைத் தீங்கற்றதாக்குகிறது. இந்நொதியங்களை ஆக்கும் மரபணுக்கள் எல்லாருக்கும் ஒரேமாதிரி அல்ல. சிலரிடம் முதற்படி மெதுவாக நடக்கும், சிலரிடம் விரைவாக. வேறு சிலரிடம் இரண்டாம் படி ஏறக்குறைய நடப்பதேயில்லை. அவர்கள் ஒரு மிடறு குடித்தாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டல் எடுக்கும். 2001இல் அமெரிக்க மருத்துவர்களையே ஆய்வுக்குட்படுத்திய பொஸ்ரன் குழுவினர், முதற்படி மெதுவாக நடக்கும் மரபணுவகை உடையவர்களில், நாள்தோறும் ஒரு கிண்ணமாவது குடிப்பவர்களுக்கு மாரடைப்பு மிகமிகக் குறைவு என்று அறிவித்தனர். அவர்களிடம் நல்ல கொலஸ்ரோலும் கூடுதலாயிருந்தது. மது உடலில் நெடுநேரம் தங்கினால் நன்மையும் நெடுநேரம் தங்குகிறது என்று பொருள் கொள்ளப்பட்டது. மாரடைப்பு வந்தவர்கள் 396 பேர் மட்டுமே அந்த ஆய்வில் இருந்தனர். அவர்களுள் அந்த மரபணுவகையும் அன்றாடக் குடியும் ஒருங்கே கொண்டவர்கள் கைவிரல் எண்ணிக்கைக்கு எவ்வளவு அருகில் வருவர் என்று அன்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. என் பழைய கட்டுரைக்கு அறிவியல் முத்திரை விழுந்ததாக மகிழ்ந்தேன்.

பிறகுதான் மரபணுவை வேறு கோணத்தில் பயன்படுத்தினார்கள். தாய்தந்தையரிடமிருந்து எந்த மரபணு நமக்கு வரும் என்பது குலுக்கல் சீட்டு. பணக்காரன், ஏழை, புகைப்பவன், நடைப்பயிற்சி செய்பவன் என்ற பேதம் அந்தக் குலுக்கலுக்குக் கிடையாது. ஆகவே, குடிக்கமுடியாதபடி செய்யும் மரபணு உள்ளவர்களையும் அது இல்லாதவர்களையும் ஒப்பிட்டால், இயற்கையே நடத்திய பரிசோதனை போல் ஆகும். பட்டாணிச் செடிகளோடு காலங்கழித்த துறவி மெண்டலின் பெயரை இம்முறைக்கு இட்டிருக்கிறார்கள்.

2014இல் 56 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, ஐரோப்பிய வம்சாவளியினர் 261,991 பேரின் தரவுகளைப் பார்த்தனர். முதற்படி விரைவாக நடக்கும் மரபணுவகை உள்ளோர் மற்றவர்களைவிட வாரத்துக்கு 17 வீதம் குறைவாகக் குடித்தனர். அவர்களுக்கு இதயக் குருதிக்குழாய் நோயின் வாய்ப்பு 10 வீதம் குறைவாயிருந்தது. குருதியமுக்கமும் குறைவு. அளவாகக் குடிப்போரிடையேயும் அப்படியே. குறைத்துக் குடித்தவனுக்கு நன்மை என்றால், அளவான கிண்ணம் காக்கிறது என்ற கதை எங்கே நிற்கும்?

2019இல் சீனாவிலிருந்து வந்த முடிவு இன்னும் அழுத்தமானது. ஒக்ஸ்போர்ட், பீக்கிங் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்களும் சீன மருத்துவ விஞ்ஞானிகளும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைச் சுமார் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 160,000 பேரின் மரபணுக்களைப் பார்த்தனர். 'எவ்வளவு குடிக்கிறீர்கள்' என்று கேட்டு எடுத்த கணக்கில் பழைய கதைதான் தெரிந்தது: அளவாகக் குடிப்பவனுக்குப் பாரிசவாதம் குறைவு. மரபணுவைக் கொண்டு போட்ட கணக்கில் அந்தப் பள்ளம் மறைந்தது. குடி கூடக்கூடப் பாரிசவாதமும் நேர்கோடாகக் கூடிற்று. மாரடைப்பைப் பொறுத்தவரை தெளிவான தீங்கும் காணவில்லை, காப்பும் காணவில்லை. இதை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்த ஆய்வில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது பெண்களின் கணக்கு. அதே மரபணுக்களே பெண்களிடமும் உள்ளன. ஆனால் அவர்களில் நூற்றுக்கு இருவர் அளவிலேதான் குடித்தார்கள். பெண்களிடையே அந்த மரபணுக்கள் பாரிசவாதத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ஆகவே வேலை செய்தது மரபணு அன்று, அதன் வழியாக உள்ளே போன அல்லது போகாமல் நின்ற மது.

2022இல் பிரித்தானியாவில் 371,463 பேரின் தரவுகளைக் கொண்டு செய்த ஆய்வு, அளவாகக் குடிப்பவர்கள் புகைத்தல் குறைவாகவும் காய்கறி கூடுதலாகவும் நடை அதிகமாகவும் உள்ளவர்கள் என்று காட்டிற்று. கிண்ணத்துக்குப் போன புகழ் நடைக்கும் காய்கறிக்கும் உரியது. மரபணுக் கணக்கில், குடி சிறிதாயிருந்தால் இடரும் சிறிதளவே கூடிற்று. மிகுதியானால் செங்குத்தாக ஏறிற்று. இந்தக் கணக்குமுறைகள் பற்றி ஆய்வாளரிடையே வாதங்கள் இன்னும் உண்டு. ஆனால் 1995இல் நான் எழுதிய உறுதியோடு இன்று எழுதக்கூடியவர் எவருமில்லை. 2018இல், அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள், ஒரு கிண்ணத்தின் நன்மையை நேரடியாகச் சோதிக்கவிருந்த பெரிய ஆய்வையே இடைநிறுத்தின. பணத்தின் பெரும்பகுதி மதுபானக் கம்பனிகளிடமிருந்து வந்தது என்பது வெளிவந்த பின்னர்.

'அதெல்லாம் சீனருக்கும் வெள்ளைக்காரருக்கும். எங்கடை உடம்பு வேறை' என்பது தம்பியின் அடுத்த வாதம். நியாயமான வாதமே. உலகமெங்கும் 2,504 பேரின் மரபணுத்தொகுதியை வாசித்து 2015இல் நிறைவுற்ற ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டத்தில், பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர் 102 பேர் உள்ளனர். திருகோணமலையிலோ யாழ்ப்பாணத்திலோ எடுக்கப்படாத தமிழ்க்குருதி அங்கேதான் எடுக்கப்பட்டது. புலம்பெயர்வு விஞ்ஞானத்துக்கும் ஏதோ வகையில் உதவியிருக்கிறது. சீனரிடம் பெருவழக்கான, முகம் சிவக்கவைத்துக் குடிப்பவனைத் தடுக்கும் அந்த மரபணுவகை தென்னாசியரிடம் அறவே அரிது. விரைவாக முதற்படி நடத்தும் வகையும் நம்மிடம் குறைவே. சுருங்கச் சொன்னால், இயற்கை அவர்களிற் பலருக்குப் பொருத்திய தடுப்புக்கட்டை நமக்கில்லை. 'எங்கள் உடம்பு தாங்கும்' என்று பெருமைப்படுவதன் பொருள், உடம்பு எச்சரிப்பதில்லை என்பதுதான்.

மாரடைப்புக்கோ தென்னாசியன் பிந்தியவன் அல்லன். 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் தென்னாசியப் பகுதி 2007இல் தனியே வெளியாயிற்று. இலங்கையும் அதில் அடக்கம். முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது தென்னாசியருக்கு 53. மற்ற நாட்டவருக்கு ஏறத்தாழ 59. பிற நாடுகளில் குடிப்பவர்களுக்குச் சற்றுக் காப்பு இருப்பதுபோல் தெரிந்த அதே கேள்வித்தாளில், தென்னாசியரிடம் எந்தக் காப்பும் தெரியவில்லை. சாப்பாட்டோடு வைன் அருந்தும் வழக்கம் நம்மிடம் இல்லை. வெறுவயிற்றில், போத்தலின் அடிகாணும்வரை, பிறகு சோறு. குடிக்கும் முறையும் கணக்கில் சேரும்.

இதோடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2009இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்து தண்டபாணி, ஐதராபாத்து ஆய்வுகூடத்தின் தங்கராஜ் முதலானோர், இதயத்தசைப் புரதமொன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன வகையைத் தென்னாசியரில் நூற்றுக்கு நால்வர் சுமப்பதாகக் கண்டனர். பிற்காலத்தில் இதயம் தளர்வதற்கு அது இடமளிக்கிறது. இலங்கையிலும் அது உண்டு. மதுவோடு நேரடித் தொடர்பில்லாத செய்திதான். ஆனால் 'எங்கள் பரம்பரை' என்று மார்தட்டுமுன் அந்தப் பரம்பரையில் என்னென்ன வந்திருக்கும் என்று ஒருகணம் யோசிக்கலாம்.

அப்பப்பா 86 வரை வாழ்ந்தாரே, பெரியப்பா 55இல் போனாரே? இந்த ஆய்வுகளில் எதுவும் ஒரு தனி மனிதனைப் பற்றிப் பேசாது. பெரியப்பா புகைத்தார்; இயந்திர அறையின் வெக்கையில் இரவுபகலாக உழைத்தார்; போர்க்காலத்தில் சோதனைச்சாவடிகளைத் தாண்டி வேலைக்குப் போனார்; குருதியமுக்கத்துக்கு மருந்து எடுக்கவில்லை. மாலைக்கிண்ணம் அவரைக் கொன்றது என்று நான் சொல்லமுடியாது. அது அவரைக் காத்தது என்று எழுதியவன் நான். அதைச் சொல்லத்தான் எனக்கு ஆதாரம் இல்லை. குருதியமுக்க மாத்திரை எடுக்கச் சொன்ன பெரியம்மாவிடம், 'என்ரை மருந்து இருக்கு, பேப்பரிலயும் போட்டிருக்கு' என்று அவர் சொன்னதாகத் தம்பி சொன்னான்.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் மதுபான விளம்பரங்களைத் தடைசெய்தது. என்னுடைய அரைப்பக்கத்துக்கு எந்தக் கம்பனியும் பணம் தரவில்லை. அதனால் அது விளம்பரமாக எவருக்கும் தெரியவில்லை, எனக்கும். 2014இல் வந்த முடிவைப் பற்றி நான் ஒருவரியும் எழுதவில்லை. கேட்டவரும் இல்லை.

திரும்பும்போது பெரியம்மாவிடம் அந்த நறுக்கைக் கேட்டேன். கண்ணாடிக்கூட்டைத் திறந்து காட்டினார். தாள் பழுத்து, மடிப்புகளில் பிய்ந்து, என் பெயர் இருந்த மூலை மட்டும் நன்றாக இருந்தது. தரமுடியாது என்றுவிட்டார். அவர் கைபட மடித்தது, அப்படியே இருக்கட்டும் என்றார். தம்பி படலைவரை வந்தான். புதிதாக எழுதினால் பெரிய எழுத்தில் அச்செடுத்து அனுப்பும்படியும், இரண்டு பிரதி வேண்டும் என்றும் சொன்னான். ஒன்று அவனுக்கு, மற்றது சனிக்கிழமைகளில் அவனோடு கூடும் நண்பர்களுக்கு.